பொட்டலில் கட்டிய பன்னிரண்டு வீடு

காரைக்குடிப் பக்கம் வீடு கிடைக்காமல் அல்லாடினோம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அங்கேதான் தெருவுக்குத் தெரு அரண்மனையாச்சே என்று சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் யாரும் அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்குக் காரைக்குடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. நாங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்துச் சம்சாரிகள், மழையை நம்பி வெள்ளாமை செய்கிறவர்கள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விளங்காமல் போயிருந்த நேரம். அவரை ஊரில் யார் பொறுப்பில் விட்டுவருவது? கூட்டிக்கொண்டு வந்தோம். காரைக்குடிக்குள் உத்தியோகக்காரர்கள் குவிந்துகிடந்தார்கள். ஒரு ஒண்டுக்குடித்தனம்கூட அகப்படவில்லை. தேடிச் சலித்து, கோட்டையூர் தாண்டி டவுன் பஸ் போகிற ஓர் ஊரில் போய் விழுந்தோம். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கிருந்து ஒருவர் கிளம்பி வந்து, நான் சொல்வதில் எதெல்லாம் தப்பு என்று ஒரு பொழுது முழுக்கப் பேசுவார்.

அந்த ஊரில் வீடுகளுக்குக் குறைச்சலே இல்லை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று நீளநீளமாகக் கிடக்கும். நடுவில் வளவு என்கிற பெரிய முற்றம்; அதைச் சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணமானதும் அவனுக்கென்று ஓர் அறை. அதில் பெண்டாட்டி கொண்டுவந்த சீர்ச் சாமான்களை அடுக்கிப் பூட்டிவிட்டு அவன் சென்னைக்கோ பினாங்குக்கோ போய்விடுவான். பிறகு அவன் மகனுக்கும் அதில் பங்கு, பேரனுக்கும் பங்கு. ஒரு தெருவே குடியிருக்கலாம் போன்ற வீட்டில் ஓர் ஆச்சியும் ஒரு வேலைக்காரியும் இருப்பார்கள். மற்றதெல்லாம் பூட்டு.

எங்களுக்குக் கிடைத்தது அப்படி ஒரு வீட்டின் பின்கட்டு. அடுப்படிக்குப் பக்கத்தில் இரண்டு அறை. வீட்டை ஆண்டுகொண்டிருந்த ஆச்சி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"வீட்டுல விசேஷம்னா மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கிருங்க. பங்காளிக எல்லாம் வருவாக. சமையக்காரவுகளுக்குப் பின்கட்டு வேணும்."

எப்போதாவது ஒன்று வரும் என்று நினைத்துத் தலையாட்டினோம். எத்தனை பங்காளிகள், அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்கத் தோன்றவில்லை. பங்காளி எந்தச் சீமையில் இருந்தாலும் அவன் பிள்ளைக்குக் கல்யாணம் அந்த வளவில்தான் நடக்க வேண்டும். அறுபதாம் கல்யாணமும் அங்கேதான். வயதானவர் யாராவது சென்னையில் கண்ணை மூடினால் காரில் கொண்டுவந்து கிடத்துவதும் அங்கேதான். அதற்கு முன்தகவல்கூடக் கிடையாது. ஒவ்வொரு முறையும் நாங்கள் சட்டிபானையோடு வெளியேறுவோம். ஒரு தடவை கணவரின் சிநேகிதர் வீடு, ஒரு தடவை சத்திரம், இன்னொரு தடவை புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை அடுக்குகிற காலிக் கிட்டங்கி. அங்கே தவிட்டுத் தூசியில் மாமா இருமிய இருமலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாமான்களை வண்டியில் ஏற்றிவிடலாம். மாமாவை என்ன செய்வது? குலுங்குகிற வண்டியில் உட்காரவைத்தால் சாய்ந்துவிடுவார். கயிற்றுக் கட்டிலோடு நாலு பேர் தூக்கித்தான் போக வேண்டும். பகல் வெளிச்சத்தில் நாலு பேர் ஓர் ஆளைப் படுக்கவைத்துத் தூக்கிப்போனால் தெருவில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? எழுந்து நின்றார்கள். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்கள். சைக்கிளில் வந்தவர் இறங்கி ஓரமாக ஒதுங்கினார். மாமா படுத்தபடியே வலது கையை உயர்த்தி, "இன்னும் இல்லப்பா, இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போவார். பார்த்தவர்கள் சிரிப்பார்கள். நான் செம்பையும் தலையணையையும் சுமந்துகொண்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் நடப்பேன்.

கிட்டங்கியிலிருந்து திரும்பிய அன்று மாமா என்னைக் கூப்பிட்டார். "ஆத்தா, இனிமே என்னையத் தூக்குனா ஒரே தூக்காத் தூக்கிரணும். நடுவுல இந்த ஒத்திகையெல்லாம் வேண்டாம்." வழக்கமாக ஒன்று சொல்லிவிட்டு முதலில் அவரே சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. இனி அவரை இடம் மாற்றக் கூடாது என்று நான் முடிவு செய்துகொண்டது அப்போதுதான்.

ஆச்சியிடம் சண்டை போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவர் நல்லவர். அதுதான் பெரிய தொல்லை. வெள்ளிக்கிழமை பணியாரம் சுட்டால் மாமாவுக்குத் தனியாக மெத்தென்று நாலு எடுத்துக் கொடுத்தனுப்புவார். நாங்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். துடைத்துக்கொண்டே, "அந்த ஆட்டுக்கல்லையும் எடுத்துருங்கப்பா, எடஞ்சலா இருக்கும்" என்பார்.

இந்தச் சமயத்தில்தான் புதுவயல் ஆலை முதலாளி ஒருவர் எங்கள் ஊர்ப் பொட்டலை விலைக்கு வாங்கினார். காரைக்குடி ரோட்டை ஒட்டி, ஆடு மட்டும் மேய்கிற செம்மண் தரிசு. அங்கே தரையில் நாலு, அதன்மேல் நாலு, அதற்கும் மேலே நாலு என்று பன்னிரண்டு வீடு கட்டி உத்தியோகக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னார். கணவர் வந்து சொன்னபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். தரை வீடு ஒன்றை நமக்குச் சொல்லிவையுங்கள் என்று அவரை மறுநாளே விரட்டினேன்.

பொட்டலுக்குப் போகிற பாதை ஊர்ப் பொது. தண்ணீரும் ஊர்க் கிணற்றிலிருந்துதான். அதனால் ஊர் சம்மதிக்க வேண்டும் என்றார்கள். கூட்டம் ஆச்சி வீட்டு முகப்பில் நடந்தது. காப்பி போடும் வேலை என் தலையில் விழுந்தது. முகப்பில் பேசினால் பின்கட்டு வரை கேட்கும். ஆளில்லாத வீட்டில் குரலுக்கு என்ன தடை. நான் பால் காய்ச்சிக்கொண்டே ஒரு சொல் விடாமல் கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ரத்தக்கொதிப்பாவது குறைந்திருக்கும்.

கோயில் வேலைகளை எடுத்துச் செய்கிற ஒருவரைக் காரியக்காரர் என்பார்கள். அவர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"மேல் வீட்டுக்காரன் கக்கூசு கீழ் வீட்டுக்காரன் அடுப்புக்கு மேலயா வரும்?"

"கக்கூசுக்கு மேல கக்கூசுதாண்ணே வரும். அடுப்புக்கு மேல அடுப்பு" என்றார் ஆலை முதலாளி.

"அதெப்பிடி ஒருத்தன் அடுப்பை இன்னொருத்தன் மிதிக்கிறது?"

இன்னொருவர், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற மூன்று வீட்டுக்கும் ஒரே வாசல் என்றால் கோலம் யார் போடுவது என்று கேட்டார். பொங்கலுக்குப் பானை வைக்க முற்றம் எங்கே என்றார் வேறொருவர். மொட்டை மாடியில் ஏறி நின்றால் நம் வீட்டு வளவு தெரியுமே என்று ஒரு குரல். வளவில் அப்படி என்ன நடக்கிறது? நெல்லோ வற்றலோ காயும், ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து காக்கா விரட்டுவார். அதைப் பார்க்க எவன் மூன்று மாடி ஏறுவான்?

"சாவுன்னு வந்தா? அந்தப் படியில எப்பிடி எறக்குவீக?" என்று காரியக்காரர் கேட்டார்.

"வர்றவுக வாடகைக்கு இருந்துட்டு மாத்தலாகிப் போறவுக. சாகுறதுக்கா வருவாக?"

"சாவு சொல்லிக்கிட்டா வருது?"

இப்படியே காப்பி இரண்டு சுற்றுப் போனது. மூன்றாவது சுற்றுக்கு நான் டபராக்களை அடுக்கிக்கொண்டு முகப்பு வாசலுக்குப் போனபோது, ஒரு பெரியவர் வெகு நியாயமாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு செவுத்துக்கு இங்குட்டு ஒரு குடும்பம், அங்குட்டு ஒரு குடும்பம். எல்லாருக்கும் பொதுவா ஒரு வழி. இதுல மனுசன் எப்பிடி இருப்பான்?"

அவர் உட்கார்ந்திருந்த வீடு எப்படிக் கட்டியிருக்கிறது? ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பங்காளி, அந்தப் பக்கம் ஒரு பங்காளி. எல்லோருக்கும் ஒரே வளவு, ஒரே வாசல். ஆலை முதலாளி நிமிர்த்தி வைக்கப்போவதை இவர்கள் பாட்டன் காலத்திலேயே படுக்கவைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டபராவைத் தரையில் வைத்த சத்தத்தில் ஆச்சி திரும்பிப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

கடைசியில் முடிவு ஒன்று வந்தது. அப்படி ஒரு முடிவை வேறு எந்த ஊரும் எடுத்திருக்காது. கட்டிடம் வரட்டும், ஆனால் வெளியாள் கைக்குப் போகக் கூடாது, பன்னிரண்டு வீட்டையும் ஊரே வாங்கிக்கொள்ளும். அந்த ஊரில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. கோயில் வரியிலிருந்து திருவிழாப் பிரசாதம் வரை எல்லாம் புள்ளிக் கணக்கில்தான் பிரியும். வீடுகளையும் அப்படியே பிரித்தார்கள். பன்னிரண்டு வீடு, அதைவிடப் பல மடங்கு புள்ளிகள். ஒரு வீட்டுக்கு மூன்று பேர், ஐந்து பேர் என்று பங்கு வந்தது. ஆலை முதலாளி எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றுவிட்ட திருப்தியில் வெற்றிலை போட்டுக்கொண்டு போனார்.

கட்டிடம் எழும்பியது. நான் தினமும் பஸ் நிறுத்தத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளையடித்தார்கள், குழாய் போட்டார்கள், மேலே தொட்டி வைத்தார்கள். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். பிறகு வீட்டுக்கு ஒரு பெரிய பித்தளைப் பூட்டைக் கொண்டுவந்து பன்னிரண்டு கதவிலும் தொங்கவிட்டார்கள்.

வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் போனார்கள். ஒரு டாக்டர் வந்து கேட்டார். அந்த வீட்டில் பங்குள்ள ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும், அதில் ஒருவர் பினாங்கிலிருந்து எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். டாக்டர் கோட்டையூரில் இடம் பார்த்துக்கொண்டார். ஊருக்கு ஒரு டாக்டர் இல்லை என்று காரியக்காரர் போகிற இடமெல்லாம் அங்கலாய்த்தார். அவருக்கு எதிரே நின்று கேட்டுக்கொண்டிருப்பதற்கு ஒரு பொறுமை வேண்டும். என்னிடம் அது கிடையாது.

அடுத்த கல்யாணம் ஆச்சியின் சொந்தப் பேத்திக்கே வந்தது. மாமா அப்போது மிகவும் தளர்ந்திருந்தார். ஆச்சி வந்து வழக்கம்போல ஒதுங்கிக்கொள்ளச் சொன்னபோது நான் நகரவில்லை.

"கெழக்க பன்னெண்டு வீடு பூட்டிக் கெடக்கு ஆச்சி. கல்யாணத்துக்கு வர்றவுக அங்க தங்கட்டுமே."

"கல்யாணத்துக்கு வந்துட்டு மாடி வீட்டுல தங்குவாகளா ஆத்தா? வளவுல படுத்தாத்தான் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும்."

"அப்ப உங்க பங்கு வீட்டுச் சாவியை எனக்குக் குடுங்க. மாமாவை அங்க வச்சிக்கிறேன்."

ஆச்சி யோசித்தார். அவருக்குக் கிடைத்த தரை வீட்டில் அவருடைய மகன்கள் மூவருக்கு மட்டும்தான் பங்கு. வெளியாள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கல்யாணத்தன்று இந்த வீட்டில் மாமாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி நின்றேன். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். கல்யாணம் முடிகிற வரைக்கும்தான் என்றார்.

அந்த வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுப்படி. கூடத்தை ஒட்டியே கக்கூஸ், குழாயோடு. ஆச்சி வீட்டுப் பின்கட்டிலிருந்து கக்கூஸுக்குப் போக முள்ளும் கல்லுமான கொல்லையைத் தாண்ட வேண்டும். மாமாவால் முடியாது. எல்லாம் படுக்கையிலேயே சட்டியில்தான். எடுத்துக் கொட்டுவது நான். மருமகள் முகத்தைப் பார்க்கக் கூசி அவர் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார். இங்கே வந்த இரண்டாம் நாள் காலையில் நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் கட்டிலில் ஆளில்லை. பதறிப்போனேன். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வலது கையால் சுவரைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து, அவரே போய்விட்டு அவரே வந்தார். வேட்டியெல்லாம் நனைந்திருந்தது.

"இங்குட்டு நானே போயிக்கிறேன் ஆத்தா" என்றார். மழை கண்ட வருஷத்தில் அறுப்பு முடிந்து வருவாரே, அந்த முகம்.

கல்யாணம் முடிந்தது. பங்காளிகள் ஊருக்குப் போனார்கள். கட்டில் தூக்க நாலு பேர் வந்து நின்றார்கள். மாமா வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வரல."

வாழ்நாளில் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லாத மனுஷர். கணவர் கெஞ்சினார். தூக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுக் கூலி கேட்டார்கள். செய்தி ஊருக்குள் போய், சாயங்காலமே காரியக்காரரும் இன்னும் சிலரும் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆச்சி கதவோரம் நின்றார். மறுபடியும் கூட்டம். மறுபடியும் காப்பி.

"அய்யா, இது குடியிருக்கிற வீடு இல்ல" என்று காரியக்காரர் பக்குவமாக ஆரம்பித்தார்.

"பெறகு எதுக்குக் கட்டுனீக?"

"எங்க புள்ளைகளுக்கு."

"அவுக எங்க இருக்காக?"

"மெட்ராஸ்ல."

"அங்க வீடு இருக்கா?"

"இருக்கு."

மாமா தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கம்பியை மட்டும் விடவில்லை. நோயாளியின் விரலைப் பிரித்து இழுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்த மட்டுக்கு அந்த ஊர் மரியாதையான ஊர்தான். ஆச்சிதான் முடித்துவைத்தார். "அவுக இருக்கிற மட்டுக்கும் இங்க இருக்கட்டும். அதுக்கப்புறம் சாவியைக் குடுத்துரு ஆத்தா." நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது?

இப்படி எனக்கு ஒரு வீடு கிடைத்தது, மாமா மூச்சு விடுகிற வரைக்கும். அதன்பிறகு அந்த ஊருக்கு அவர் உடம்பின் மேல் வந்த அக்கறை இருக்கிறதே. பஸ்ஸுக்கு நின்றால் ஒருவர் கேட்பார், கடையில் சீனி வாங்கினால் ஒருவர் கேட்பார். "அய்யா எப்பிடி இருக்காக?" காரியக்காரர் கோயிலுக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் சற்று நின்றுவிட்டே போவார். மாமாவுக்கும் எல்லாம் தெரியும். "நல்லா இருக்கேன்னு சொல்லு. பாவம், ஒரு நாள் தூக்கமாவது கெடட்டும்" என்பார். சொல்லிவிட்டு முதலில் அவரே சிரிப்பார்.

எனக்கும் ஒரு பித்து பிடித்துக்கொண்டது. அவர் தும்மினால் எழுந்து உட்காருவேன். கஞ்சியில் உப்பு ஒரு கல் கூடினால் கொட்டிவிட்டுப் புதிதாக வைப்பேன். காரைக்குடி டாக்டரிடம் கணவரை விரட்டி விரட்டி மருந்து வாங்கிவரச் செய்தேன். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று ஊர்ப் பெண்கள் சொன்னார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ஒரு மனுஷரைக் கவனிப்பதையும் ஒரு வீட்டைக் காப்பாற்றுவதையும் இப்படி ஒன்றாகப் பிணைத்து என் கையில் கொடுத்துவிட்டார்களே என்று. மேலே எட்டு வீடு, பக்கத்தில் மூன்று வீடு, எல்லாம் பூட்டு. நடுவில் ஒரு கிழவரின் மூச்சை எண்ணிக்கொண்டு நான்.

சில வருஷம் இருந்தார். யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு இருந்தார். ஐப்பசி மழை பிடித்த ஒரு காலையில், அவரே எழுந்து போய்விட்டு வந்து, வேட்டியை மாற்றிக்கொண்டு படுத்தார். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். முகம் நிம்மதியாகத்தான் இருந்தது.

நான் வாய்விட்டு அழுதேன். ஊருக்குள்ளிருந்து வந்த பெண்கள் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். மாமனாருக்காக இப்படி அழுகிற மருமகளைப் பார்த்ததில்லை என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. அந்த அழுகையில் அவருக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஆச்சி மழையில் நனைந்துகொண்டே வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. அவருடைய தோள் குலுங்கியது. "நல்ல மனுசன், என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதே, அதனால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்று, மழை ஈரத்தில் கதவு உப்பியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துச் சாத்திப் பார்த்தார். சரியாகத்தான் மூடியது.